அதற்கு மேல் கோடு இல்லை

நீல வீட்டின் சின்ன அறைக்குப் போகும் கதவுநிலையில் ஒரு பென்சில் கோடு அதிகமாக இருந்தது.

காலையில் ஜன்னல்களைத் திறந்துவிட்டுத் துடைக்கும் துணியோடு வந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். நிலையின் இடதுபக்கக் கட்டையில் கீழிருந்து மேலாகக் குறுக்குக் கோடுகள். ஒரு குழந்தையைப் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அங்கே நிற்க வைத்து, உச்சந்தலையில் அளவுகோலை வைத்துப் போட்ட உயரக் கோடுகள். எது எங்கே இருக்கிறது, எது கொஞ்சம் கோணல், எந்தக் கோட்டில் பென்சில் முனை உடைந்து புள்ளி விழுந்தது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஏனென்றால் அத்தனையும் அவள் கையால் போட்டவை. கடைசிக் கோட்டுக்கு மேலே வெறும் மரம்தான் இருக்க வேண்டும். இன்று அதற்கு மேலே, இரண்டு விரற்கடை தள்ளி, இன்னொரு கோடு இருந்தது.

சுற்றிப் பார்க்க வந்த ஏதோ ஒரு பிள்ளையின் வேலையாக இருக்கும் என்று ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். ரப்பர்தான் தேய்ந்தது. விரலில் எச்சில் தொட்டுத் தடவிப் பார்த்தாள். கோடு மேலே இல்லை, மரத்துக்குள் இருந்தது. வார்னிஷுக்கும் அடியில், பல காலம் அங்கேயே கிடந்து ஊறிப்போனது போல. விரலை முகர்ந்தாள். ஆற்றுச் சேற்று வாசம் அடித்தது.

அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. வேலை கிடக்கிறது என்று துணியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அந்த ஊரின் வரலாற்றுக் கழகத்தில் உறுப்பினர்களைவிடப் பதவிகள் அதிகம். தலைவர், துணைத்தலைவர், கௌரவத் தலைவர், பொருளாளர் என்று ஆளுக்கொன்று பங்கு போட்டுக்கொண்டது போக, மிச்சமிருந்த வேலை முழுவதற்கும் செயலாளர் என்று பெயர் வைத்து அவள் தலையில் கட்டியிருந்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவதிலிருந்து கழிவறைக்குப் பினாயில் ஊற்றுவது வரை அவள்தான். தலைவர் நாற்பது வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவர். எந்தப் பழைய பொருளைக் கையில் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிக் காலாவதித் தேதியைத் தேடுவார்.

ஆற்றங்கரையில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த நீல வண்ண வீட்டை நகராட்சி கழகத்திடம் கொடுத்தபோது ஒரு நிபந்தனையும் போட்டது. ஒரு வருஷத்துக்குள் ஜனம் வந்து பார்க்க வேண்டும். வராவிட்டால் இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டுவார்கள். அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய காகிதமெல்லாம் பழைய பெருவெள்ளத்தில் போய்விட்டது. கழகத்தார் ஊரெல்லாம் கேட்டு வாங்கித் தையல் மிஷின், லாந்தர், தராசு, தச்சு உளி, வால்வு ரேடியோ என்று அறை அறையாக அடுக்கினார்கள். வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். பாத்ரூம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"வீடு இருக்கு, சாமான் இருக்கு, ஆள் இல்லையே சார்," என்றாள் அவள் ஒரு கூட்டத்தில். "ஒரு குடும்பம் இருந்தா ஜனங்க நின்னு பாப்பாங்க."

"குடும்பத்துக்கு எங்கம்மா போறது?"

"நாமளே வைப்போம். அந்தக் காலத்துல இப்படி ஒரு தையல்காரி, அவ பொண்ணுன்னு."

தலைவருக்கு யோசனை பிடித்துவிட்டது. பெரிய பெரிய அருங்காட்சியகங்களிலேயே மாதிரிக் குடும்பம் வைக்கிறார்கள், தப்பில்லை என்றார். விளக்கப் பலகையின் அடியில் 'கற்பனை' என்று சின்னதாக எழுதிவிடலாம் என்று அவள் சொன்னதற்கு, சின்ன எழுத்து பலகையின் அழகைக் கெடுக்கும் என்று சொல்லிவிட்டார். அவளும் வற்புறுத்தவில்லை.

அந்தப் பெண்குழந்தையை உண்டாக்க அவள் வெளியே எங்கும் போகவில்லை. தன் மகளிடமிருந்தே எடுத்துக்கொண்டாள். வீட்டில் மகளுக்கு வாலு என்று பெயர். மூன்றாம் வகுப்பு. முன்பல் விழுந்த ஓட்டை வழியாக எந்நேரமும் ஒரு மெட்டை விசிலடித்துக்கொண்டே திரிவாள். செருப்பை எத்தனை தடவை சொன்னாலும் கால் மாற்றித்தான் போடுவாள். செல்லம் கொஞ்ச வேண்டுமென்றால் தொட்டில் பிள்ளை மாதிரி மழலை பேசுவாள். வாலுவுக்குப் பிடித்த மஞ்சள் கவுனைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழுக்க வைத்துச் சின்ன அறையில் ஒரு தாங்கியில் மாட்டினாள். பழைய செருப்பை இடம் வலம் மாற்றிக் கட்டிலடியில் வைத்தாள். பிறகு, கதவுநிலைக் கோடுகள்.

வீட்டுச் சமையலறை நிலையில் வாலுவின் உயரக் கோடுகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை வைத்து அவள் ஒவ்வொன்றாக அளக்க, மறுமுனையை வாலு பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா இது?"

"உன் உயரத்தைக் கொஞ்ச நாளைக்குக் கடன் வாங்கறேன்."

"திருப்பித் தருவியா?"

"தருவேன்டி, உன் உயரம் எனக்கெதுக்கு?"

நீல வீட்டு நிலையில் அந்த அளவுகளை அப்படியே போட்டு, தேயிலைச் சாறு தடவி, அடுப்புச் சாம்பலைத் தேய்த்து, பழந்துணியால் துடைத்தாள். தச்சனே வந்தாலும் புதுசு என்று சொல்ல முடியாது. சுற்றிக் காட்டும்போது கடைசியில்தான் ஜனங்களை அங்கே கூட்டி வருவாள். "வெள்ளம் வந்த வருஷம் போட்ட கோடு இது," என்று வாலுவின் இன்றைய உயரத்தைத் தொட்டுக் காட்டுவாள். கொஞ்சம் நிறுத்துவாள். "அதுக்கு மேல கோடு இல்ல."

அங்கே ஒருவரும் கொட்டாவி விடவில்லை. கைக்குழந்தையோடு வந்த பெண்கள் குழந்தையை இறுக்கிக்கொண்டார்கள். வாய்க்கு வாய் பேச்சு பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் வரை வரிசை நின்றது. வண்டி நிறுத்துமிடப் பேச்சையே நகராட்சி விட்டுவிட்டது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதலில் அழுதவர் ஓடக்காரர். பாலம் வருவதற்கு முன்னால் ஆற்றில் ஓடம் விட்டவர். கோடுகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுச் சொன்னார்: "நான் துடுப்பை நீட்டினேன்மா. மஞ்சள் கவுனு. என்னையே பாத்துச்சு. புடிக்கல."

யாரோ ஒரு பிள்ளை அப்படி நிஜமாகவே போயிருக்கலாம், பெரியவர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம், டைப்பிங் பள்ளி நடத்தி ஓய்ந்திருந்த பொருளாளர் அம்மாள் தையல் மிஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பாவம், பல்லு விழுந்த ஓட்டையில விசிலடிச்சுக்கிட்டே வரும். எங்க வீட்டு மாடியில இருந்தா கேக்கும்." கூடவே அந்த மெட்டையும் முணுமுணுத்தாள்.

விசிலைப் பற்றி அவள் எந்தப் பலகையிலும் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த அம்மாள் ஒரு நாள் எங்காவது வாலுவைப் பார்த்திருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அதிகப்படிக் கோட்டைப் பார்த்த அன்று சாயங்காலம், அவள் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐஸ் ஃபேக்டரியில் மிஷின் பார்க்கிற கணவன் மாலை ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"நம்ம வாலு ரொம்ப சிக்கனம்," என்றான் ஷூவை மாட்டிக்கொண்டே. "போன வருஷம் வாங்கின யூனிஃபார்ம், போன வருஷம் வாங்கின ஷூ. ஒண்ணும் சின்னதாகல பாரு."

கத்தி நின்றது.

"அந்தப் பல்லும்தான் இன்னும் முளைக்கல," என்றான். "டாக்டர்கிட்ட கேட்டேன். சில பிள்ளைங்க நின்னு நின்னு வளருமாம். கவலைப்படாதன்னாரு."

அவன் போனதும் வாலுவைக் கூப்பிட்டுச் சமையலறை நிலையில் நிறுத்தினாள். வாலுவுக்கு இது பிடித்த விளையாட்டு. இரண்டு குதிகாலையும் ஒட்டவைத்து, முகவாயைத் தூக்கி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். "வளந்திருக்கேனாம்மா?"

அளவுகோல் கடைசிக் கோட்டின்மேல் அச்சாக உட்கார்ந்தது. ஒரு நூல் ஏறவில்லை. அவள் டேப்போடு வந்து கோடுகளைக் கடன் வாங்கின அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போது வருஷம் திரும்பிவிட்டது. நடுவில் வந்த பிறந்தநாளில் நீல வீட்டு வேலையில் அளக்கவே மறந்துபோயிருந்தாள். அது மட்டுமல்ல. வீட்டு நிலையில் இருந்த கோடுகள் வெளிறிப்போயிருந்தன. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தன. இங்கே வெளிற வெளிற, அங்கே நீல வீட்டில் அவை கறுத்துக்கொண்டு வந்ததை அவள் தினமும் துணியால் துடைத்தபடி பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்!

"வளந்திருக்கேனா?"

"ம். கொஞ்சூண்டு," என்று பொய் சொன்னாள்.

அந்த வாரக் கூட்டத்தில் தலைவர் ஒரு செய்தி வைத்திருந்தார். வெள்ளத்தின் நினைவுநாள் வருகிறது. வீட்டின் பின்னால், ஆற்றுப் படியருகில், ஊரார் சார்பில் ஒரு கல் நடப்போகிறார்கள். கல்லில் வாசகம் வெட்டியாயிற்று. 'ஆற்றோடு போன எங்கள் குழந்தைக்கு.'

அவள் எழுந்து நின்றாள். "சார், வேண்டாம் சார். அப்படி ஒரு குழந்தையே இல்ல. நாமதானே வச்சோம். அது என் பொண்ணோட கவுனு. கோடெல்லாம் நான் போட்டது."

யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவளை மிரட்டியது. எல்லாரும் இரக்கத்தோடு பார்த்தார்கள். தலைவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் தள்ளினார்.

"ஓய்வே இல்லாம வேலை செய்யறீங்க. அதான். அந்தப் பொண்ணு எங்கக்கா வகுப்புமா. எங்கப்பா கடையில நான் சின்னப் பையனா நின்னப்ப நானே இருமல் மருந்து ஊத்திக் குடுத்திருக்கேன். சில்லறையை எண்ணாம வச்சிட்டு விசிலடிச்சுக்கிட்டு ஓடும்."

அவள் போனை எடுத்தாள். வேலை தொடங்குமுன் வெறும் நிலையைப் படம் எடுத்து வைத்திருந்தாள். அதைக் காட்டினால் போதும். தேடி எடுத்தாள். படத்தில் தூசி படிந்த கதவு இருந்தது, ஓட்டை விழுந்த கூரை இருந்தது, இன்னும் துடைக்காத ஜன்னல் இருந்தது. நிலையில் கோடுகளும் இருந்தன.

"ஆமா, இதேதான்," என்று பொருளாளர் அம்மாள் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல் நடுவதற்கு முந்தைய நாள் மாலை, அவள் எல்லாரையும் அனுப்பிவிட்டு உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். கல் வந்து இறங்கிவிட்டது. பின்கட்டில் சாக்குப் போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். நாளை அது நின்றுவிட்டால், ஊரே கூடிக் கும்பிட்டுவிட்டால், அந்தக் கடைசிக் கோடு கடைசிக் கோடாகவே ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வாலு அதற்கு மேல் வளரவே மாட்டாள். அதற்குள் அந்தக் கோடுகளை எடுத்தாக வேண்டும். தான் போட்டதைத் தானே அழிப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மழை பிடித்திருந்தது. ஓட்டில் விழுந்து, தகரத் தாழ்வாரத்தில் விழுந்து, வாளியில் சொட்டி, எங்கேயோ சுவருக்குள் புகுந்து இறங்கும் தண்ணீரின் சத்தம் அறைக்கு அறை வேறு வேறு குரலில் கேட்டது. பின்பக்கம் ஆறு உறுமிக்கொண்டிருந்தது. விளக்கு மங்கலாகத்தான் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் தையல் மிஷினின் நிழல் சுவரில் குனிந்து வேலை செய்கிற ஒரு முதுகைப் போல இருந்தது. நனைந்த சுண்ணாம்பும் பழந்துணியும் எலிப்புழுக்கையும் கலந்த, அவளுக்குப் பழகிப்போன வீட்டு வாசத்துக்கு அடியில் அந்தச் சேற்று வாசம் இன்று கனமாகக் கிடந்தது. தச்சுச் சாமான் அடுக்கிலிருந்து ஒரு உளியை எடுத்தாள். கண்காட்சிப் பொருளைத் தொடும்போது கையுறை போட வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். போடவில்லை.

போன் அடித்தது. வீட்டுச் சுவர் போனிலிருந்து. பள்ளிவிட்டு வந்த வாலு, அப்பா ஷிஃப்டில் இருக்கும் நாட்களில் அவள் வரும்வரை தனியாகத்தான் இருப்பாள்.

"அம்மா, எப்ப வருவ? மழை பெய்யுது."

"இதோ, ஒரு சின்ன வேலை. முடிச்சிட்டு வந்துடறேன். ஹோம்வொர்க் எழுது."

போனைக் கீழே வைத்துவிட்டு, முதலில் உச்சியில் இருந்த அந்த வேண்டாத கோட்டில் உளியை வைத்துச் சீவினாள். மரச்சுருள் எழுந்து விழுந்தது. அடியிலும் கோடு இருந்தது. இன்னும் சீவினாள். இன்னும் ஆழத்தில் இன்னும் கறுப்பாக இருந்தது. மரத்தின் நரம்பே அதுதான் என்பது போல. கை வலித்தது. விட்டுவிட்டு, அதற்குக் கீழே, தான் போட்ட கடைசிக் கோட்டில் வைத்தாள். ஒரே இழுப்பு. வந்துவிட்டது. அடியில் சுத்தமான வெள்ளை மரம்.

சுவருக்குள் சொட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்துபோனது போல. அடுத்த கோட்டையும் இழுத்தாள். அதுவும் வந்தது.

மறுபடி போன். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"அம்மா, இந்தக் கணக்கு எனக்குத் தெரியல."

"நேத்து நல்லா போட்டியேடி?"

"தெரியல. இது பெரிய கிளாஸ் கணக்கு."

"உனக்குப் படிக்கறதுன்னாலே ஒரு சாக்கு," என்று சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு சிரிக்கிறோம் என்று தோன்றியது. உளி தானாக இறங்கியது. இன்னொரு சுருள்.

"வைக்காதம்மா. பயமா இருக்கு. இருட்டிருச்சு."

"லைட்டைப் போடு."

"எட்டல."

"என்னது?"

"சுவித்ச்சு எத்தலம்மா."

மழலை. செல்லம் கொஞ்சுகிறாள். "விளையாடாத வாலு. கையில வேலை இருக்கு. எப்பவும் எட்டும்ல? ஸ்டூலைப் போட்டுக்கோ," என்றாள். உளியை அடுத்த கோட்டுக்கு நகர்த்தினாள். முனை உடைந்து புள்ளி விழுந்த கோடு. அதுவும் போயிற்று. அவள் இப்போது மண்டி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மிச்சக் கோடுகள் கீழே இருந்தன.

"தூலு தூக்க முதில. ம்மா. வா."

"வரேன்டா. இதோ. ஆச்சு."

இழுப்பு. சுருள். இழுப்பு.

போனில் ஏதோ பொத்தென்று விழுந்தது. ரிசீவராக இருக்கும். சுவரில் மோதி மோதி ஆடுகிற சத்தம். அதற்குப் பின்னால் மூச்சு. சின்ன மூச்சு.

"வாலு?"

போன் பக்கம் குனிந்தாள்.

"வாலு, போனை எடு. விளையாடறதுக்கு ஒரு அளவில்ல?"

"...ம்மா."

வேறு சொல் இல்லை. அந்த ஒரு சொல் மட்டும். பிறகு அழுகை. முழங்காலில் தவழ்ந்து வந்து வாசற்படியில் முட்டிக்கொண்டு அழுகிற அழுகை. அவள் அதைக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் பெற்றவளுக்கு மறக்குமா?

கையைப் பார்த்தாள். உளியைப் பார்த்தாள். நிலையில் அவள் போட்டதில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கோடு. வாலு முதல் பிறந்தநாளன்று நிலையைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றபோது போட்டது. உளியின் முனை அதற்குள் பாதி இறங்கியிருந்தது.

உளியைத் தூக்கி எறிந்தாள். கணக்கு. சுவிட்ச். ஸ்டூல். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒன்று. கடவுளே. நானே. என் கையாலேயே.

கைப்பையைக் கொட்டிப் பென்சிலை எடுத்தாள். போட்டுவிடலாம். எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடலாம். எது எங்கே என்று அத்துப்படிதானே. அழுத்தினாள். மரம் நனைந்திருந்தது. உள்ளிருந்து ஊறியது தண்ணீர். பென்சில் வழுக்கியது. பதியவில்லை. இன்னும் அழுத்தினாள். முனை உடைந்தது. பல்லால் கடித்து மரத்தைப் பிய்த்து முனையை வெளியே எடுத்தாள். போட்டாள். பதியவில்லை. தரையில் கிடந்த சுருள்களை அள்ளி நிலையில் வைத்து ஒட்டப் பார்த்தாள். ஈரத்தில் நழுவி விழுந்தன.

போனில் அழுகை.

"அழாதடா. அம்மா வந்துடறேன். அழாத. அழாத."

பின்னால் விசில் கேட்டது.

அந்த மெட்டுதான். வாலுவின் மெட்டு. ஆனால் காற்றுப் பிரியாமல், ஓட்டை இல்லாத பல்லுக்கு நடுவே உதட்டைக் குவித்து அடிக்கிற சுத்தமான விசில். சின்ன அறைக்குள்ளிருந்து வந்தது. தாங்கி வெறுமையாக நின்றது. மஞ்சள் கவுன் அதில் இல்லை.

வெறுங்கால் சத்தம். ஈரமான கால். நிதானமாக.

அவள் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். சேற்று வாசம் முகத்துக்கு நேரே வந்தது. அவளைத் தாண்டிப் போனது. நிலையில் முதுகு சாய்கிற சத்தம். குதிகால்கள் ஒட்டுகிற சத்தம். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

"வளந்திருக்கேனாம்மா?"

வாலுவின் குரல். அச்சாக வாலுவின் குரல். கொஞ்சம் வளர்ந்த குரல்.

கண்ணைத் திறந்தாள். முகவாயைத் தூக்கிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றது. தலைமுடியிலிருந்து தண்ணீர் கழுத்துக்கு இறங்கி, மஞ்சள் கவுனில் இறங்கி, தரையில் தேங்கியது. மூடிய உதட்டின் ஓரத்தில் சிரிப்பு. உச்சந்தலை அந்த மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் உயரத்தில் இருந்தது.

"கோடு போடும்மா."

போனில் குழந்தை வீறிட்டது. ஒரு கோடு பதிந்தால் போதும். ஒரே ஒரு கோடு பதிந்தால் பிள்ளை வளரும். அங்கே, இருட்டில், தரையில் கிடக்கிற பிள்ளை. வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை. அளவுகோலை எடுத்தாள். ஈரத் தலையில் வைத்தாள். பென்சிலை வைத்தாள்.

இந்த முறை பதிந்தது. கறுப்பாக, அழுத்தமாக, நேராக.

போனில் அழுகை நின்றது.

"வாலு?" என்றாள். "வாலு?" ரிசீவர் சுவரில் மோதி ஆடுகிற சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்தது. நிலையின் அடியில் மிச்சமிருந்த அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தாள். அங்கே வெறும் மரம் இருந்தது.

ஈரமான சின்னக் கை ஒன்று அவள் விரல்களைப் பற்றியது. பிடி கெட்டியாக இருந்தது.

"வாம்மா. வீட்டுக்குப் போலாம்."

அவள் கையை விடாமலே அது கட்டிலடியில் குனிந்தது. இடம் வலம் மாற்றி வைத்திருந்த பழைய செருப்பை இழுத்தது. பொறுமையாக அதைச் சரிப்படுத்தி, இடது காலில் இடது செருப்பையும் வலது காலில் வலது செருப்பையும் போட்டுக்கொண்டது.